மறு: மறு: ‘டிராஃப்ட் பீர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லாருக்கும் வணக்கம்.

பாட்டிலில் அடைக்காமல் குழாயைத் திறந்து கிளாஸில் விடுகிற டிராஃப்ட் பீருக்குத் தமிழில் ஒரு சொல் கேட்டேன், மூன்று நாளில் ஐந்து வந்துவிட்டது. நன்றி. ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

> டிராஃப்ட் என்றால் வரைவு. ‘வரைவு பீர்’ எனலாமே?

தம்பி, வரைவு பீர் என்றால் இன்னும் இறுதி செய்யாத பீர். கூட்டத்தில் ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் குடிக்க முடியும்.

> அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் ‘இழு’ என்பது. ‘இழுவை பீர்’ பொருந்தும்.

ஐயா, வேர் நீங்கள் சொல்வதுதான். இங்கிலாந்துப் பப்களில் காஸ்க் ஏல் என்ற பீர் வகையை இன்றும் கைப்பம்பை இழுத்துத்தான் கிளாஸுக்கு ஏற்றுகிறார்கள். அதற்கு இழுவை சரி. ஆனால் நான் எழுதுவது மில்வாக்கியில் என் வீட்டு நிலவறை பாருக்கான குறிப்பு. இங்கே யாரும் பீரை இழுப்பதில்லை. பழைய ஃப்ரிட்ஜுக்குள் 19 லிட்டர் எஃகுப் பாத்திரம், பக்கத்தில் 5 பவுண்டு கரியமில வாயு உருளை. வாயு மேலிருந்து அமுக்க, பீர் அடியிலிருந்து குழல் வழியே ஏறிக் குழாய்க்கு வருகிறது. கைப்பிடியை நாம் இழுப்பது குழாயைத் திறக்க மட்டும்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. தள்ளுகிற விஷயம் புரியாமல் முதல் மாதம் முழுக்க நுரையைக் குடித்தவன் நான். ஃப்ரிட்ஜ் 38 டிகிரி ஃபாரன்ஹீட், அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு, எல்லாம் புத்தகத்தில் போட்டபடிதான். கிளாஸில் முக்கால்வாசி நுரை. அழுத்தம் அதிகமோ என்று குறைத்தேன். நுரை குறையவில்லை, சில நாளில் பீர்தான் சப்பென்று ஆனது. பீருக்குள் வாயுவைக் கரைத்து வைத்திருப்பதே அந்த அழுத்தம், அதில் கை வைக்கக் கூடாது. தப்பு குழலில் இருந்தது. 3/16 அங்குல உள்விட்டம் கொண்ட குழலை 5 அடிக்கு வெட்டிப் போட்டிருந்தேன். அதையே 10 அடியாக்கி, வளையமாகச் சுற்றி ஃப்ரிட்ஜுக்குள் வைத்ததும் அடங்கியது. நீளமான குழலின் உரசல் அழுத்தத்தைத் தின்றுவிடுவதால் பீர் குழாய்க்கு நிதானமாக வந்து சேர்கிறது. அப்புறமும் முதல் கிளாஸ் மட்டும் பொங்கியது. ஃப்ரிட்ஜுக்கு மேலே குழாயைத் தாங்கி நிற்கும் கம்பத்தில் குளிர் ஏறவில்லை. பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றை வைத்துக் குளிர்காற்றை மேலே ஊத வைத்தேன்.

> வடிபீர்?

வடிசாராயம் ஞாபகத்துக்கு வரும். காய்ச்சி வடித்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

> ‘இறக்கு பீர்’. கள் இறக்குவது போல.

படித்ததும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கள் மரத்திலிருந்து இறங்குகிறது, இது கீழேயிருந்து ஏறுகிறது. போதாக்குறைக்கு இறக்குமதி பீர் என்றும் படிப்பார்கள்.

> ‘தோப்பி’ இருக்கிறதே, அதை ஏன் விட்டோம்?

விடவில்லை அக்கா. பெரும்பாணாற்றுப்படையில் ‘இல்லடு கள்ளின் தோப்பி’ என்று வருகிறது, வீட்டில் அரிசியில் ஆக்கிய கள். வீட்டில் காய்ச்சும் பீருக்கு அதை எடுத்து வைத்திருக்கிறேன். குழாயில் வருவதா, பாட்டிலில் வருவதா என்பது வேறு கேள்வி.

இனி என் யோசனை. பெயரை விட்டுவிட்டு வினையிலிருந்து வருவோம். தெருக்குழாயில் குடத்தை வைத்து என்ன செய்கிறோம்? தண்ணீர் பிடிக்கிறோம். பீரையும் பிடிக்கலாம். ‘கிளாஸைச் சாய்த்துப் பிடிக்கவும்’ என்று எழுதினால் எப்படி வாசித்தாலும் சரியாக வரும். அதற்காகப் பெயரை ‘பிடிபீர்’ என்று வைத்தால் யாரோ பாட்டிலைத் தூக்கி எறிகிற மாதிரி இருக்கிறது. அதனால் பெயர் குழாய்ப்பீர், வினை பிடித்தல். மாநகராட்சி விநியோகம் போல இருக்கிறது என்று வீட்டில் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

கெக், அதாவது பீர் இருக்கும் அந்த எஃகுப் பாத்திரத்தை, கலன் என்கிறேன். உருளை என்றால் வாயு உருளையோடு குழம்பும், பீப்பாய் என்றால் மரமும் வளையமும் கண்ணுக்கு வரும். உள்ளே வளைகிற பிளாஸ்டிக் குழல், வெளியே தெரிகிற உலோகம் குழாய். இந்த வேறுபாட்டை மட்டும் எல்லாரும் காப்பாற்றிக் கொடுங்கள்.

மீதி இருப்பது கெஜரேட்டர், அதாவது கலனும் குழாயும் சேர்ந்த அந்த ஃப்ரிட்ஜ் மொத்தத்துக்கும் ஒரு பெயர்.

———

அண்ணை, டொரொண்டோவிலிருந்து எழுதுகிறேன். குழாய் சரி, கலனும் சரி. ஆனால் எங்களுக்கு அது பீர் இல்லை, பியர். ‘குழாய்ப்பியர்’ என்றும் ஒருக்கால் போட்டு விடுங்கோ. பெட்டிக்குக் கலன்பெட்டி போதாதா? ஃப்ரிட்ஜைப் பெட்டி என்றுதானே சொல்கிறோம், குளிரை ஏன் தனியாக எழுத வேண்டும்? நிலவறை பாருக்கு நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் எங்களிடம் தவறணை என்று ஒரு சொல் இருக்கிறது.

———

கலன்பெட்டி, எடுத்துக்கொண்டேன். பியரையும் சேர்த்துவிட்டேன். தவறணையை வாசலில் பலகை எழுதி மாட்டப் போகிறேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழலைக் கழுவ வேண்டும், இன்றைக்கு அந்த நாள். சொற்களின் அட்டவணையை இரவு அனுப்புகிறேன்.