ஆடி 1 தேங்கா சுடற விழா: சின்னப் பசங்களுக்கும் காலேஜ் வயசு பிள்ளைங்களுக்கும் என்ன வைக்கலாம்?

அழகாபுரம்_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. சேலம் அழகாபுரம் பக்கம் எங்க காலனி, சுமார் எண்பது வீடு. வருஷாவருஷம் ஆடி ஒண்ணாந்தேதி அவங்கவங்க வாசல்ல தேங்கா சுட்டு, புள்ளையாருக்கு வச்சுக் கும்பிட்டுட்டு உள்ள போயிடுவோம். இந்த வருஷம் காலி கிரவுண்ட்ல எல்லாரும் ஒண்ணா சேந்து சுடலாம்னு முடிவாயிருக்கு, பசங்க ப்ரோக்ராம் என் பொறுப்பு. கமிட்டில கேட்டா மியூசிக்கல் சேர், லெமன் ஸ்பூன், மாறுவேடம், டான்ஸ், அப்புறம் ஜம்பிங் பலூன் வாடகைக்கு எடுக்கலாம்ங்கறாங்க. இதெல்லாம் எல்லா விழாலயும் வைக்கறதுதானே, எனக்கு மனசு ஒப்பல. நாலு வயசுக் குழந்தைல இருந்து காலேஜ் வரைக்கும் பிள்ளைங்க இருக்காங்க, ஆனா பெரிய பசங்க வர்றதே இல்ல, வந்தாலும் பைக் மேல உக்காந்து போன் பாத்துட்டுப் போயிடறாங்க. முஸ்லிம், கிறிஸ்டியன் வீடுகளும், இந்திக்காரக் குடும்பம் ரெண்டு மூணும் இருக்கு, அந்தப் பிள்ளைங்க ஓரமா நிக்கக்கூடாதுங்கறது என் ஆசை. மறுநாள் ஸ்கூல் வேற. வீட்டுக்கு 300 ரூபா வசூல், டிபனும் அதுலதான். யோசனை சொல்லுங்க.

குகை_பெரியம்மா:
கண்ணு, விழாவே தேங்காதான். அதைப் பெரியவங்க சுட்டு பசங்க கையில ஆளுக்கொரு சில்லு குடுக்கறதோட நிறுத்திடாத. நெருப்புக்கு முந்தி இருக்கற வேலை முழுக்க பசங்க வேலைதான். நாங்க சின்ன வயசுல மத்தியானமே தேங்காய எடுத்துட்டு திண்ணைக்கு வந்துடுவோம், நார் ஒண்ணு விடாம உரிச்சு, சொரசொரப்பான கல்லுல தேய்ச்சுத் தேய்ச்சு ஓடு வழவழன்னு ஆகற வரைக்கும் விடமாட்டோம். இதுக்கு நாலு வயசுப் புள்ளையும் உக்காரும். மூணு கண்ணுல ஒண்ணுதான் மெதுவா இருக்கும், அது எதுன்னு கண்டுபிடிக்கவே பசங்களுக்குள்ள போட்டி வரும், ஆனா ஓட்டை போடறது மட்டும் பெரியவங்க கையில இருக்கட்டும். தண்ணிய ஒரு பாத்திரத்துல வடிச்சுக்கணும். பொட்டுக்கடலை, பச்சப்பயறு, எள்ளு, அவல், வெல்லம் எல்லாத்தையும் கிண்ணம் கிண்ணமா வச்சுட்டா அவங்களே போட்டுக்குவாங்க. வடிச்ச தண்ணில கொஞ்சமா திருப்பி ஊத்தி, அழிஞ்சி மரத்துக் குச்சிய சீவி அந்த ஓட்டைல அடைச்சு மஞ்சள் தடவணும். தண்ணிய ரொம்ப விட்டு இறுக்கி அடைச்சுட்டா சூட்டுல வெடிக்கும், அதைப் பாத்துக்கோ. நல்ல நீளக் குச்சியா வாங்கு, அதைப் பிடிச்சுத்தான் தேங்காய நெருப்புல காட்டணும், கடைத்தெருல ரெண்டு நாள் முந்தியே வந்துடும்.

பாரதப் போர் ஆடி ஒண்ணுல ஆரம்பிச்சு பதினெட்டுல முடிஞ்சதுன்னு பெரியவங்க சொல்ற கதைய, தேங்கா தேய்க்கறப்ப ஒரு தாத்தாவையோ பாட்டியையோ உக்கார வச்சு சொல்லச் சொல்லு. மைக் வேண்டாம். அதுக்கப்புறம் எந்த வீட்டுப் பிள்ளையா இருந்தா என்ன, தேங்கா எல்லாருக்கும் ஒண்ணுதான். சாமி கும்பிடறது புள்ளையார்கிட்ட தனியா நடக்கட்டும், இஷ்டப்பட்டவங்க போவாங்க.

பிடி_சார்_கொண்டலாம்பட்டி:
மேடம், பெரியம்மா சொன்னதுக்கு மேல விளையாட்டுப் பக்கம் மட்டும் நான் சொல்றேன். மியூசிக்கல் சேர் சின்னப் பிள்ளைங்களுக்கு வேண்டவே வேண்டாம். முதல்ல அவுட் ஆகறது எப்பவும் இருக்கறதுலயே சின்னதுதான், மிச்ச நேரம் முழுக்க அது வேடிக்கை பாத்துட்டு நிக்கும். ஒருத்தர் ஜெயிச்சு முப்பது பேர் தோக்கற ஆட்டம் எதையும் பத்து வயசுக்குக் கீழ வைக்காதீங்க, பரிசு குடுக்கறதா இருந்தா எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு பென்சில் பாக்ஸ் போதும்.

எங்க பசங்கள வச்சு நான் பண்ணி நல்லா வந்தது ஆடுபுலி ஆட்டம், பலகைல இல்ல, தரையில. சுண்ணாம்புத் தூள்ல பெரிய கட்டமா போட்டுக்கங்க, கோடு சேர்ற எடம் 23 வரும், எடத்துக்கு எடம் ரெண்டடியாவது இடைவெளி வேணும். மூணு பேர் புலி, பதினஞ்சு பேர் ஆடு. ஆடு ஒவ்வொண்ணா எறங்கும், பதினஞ்சும் எறங்கி முடியற வரை எந்த ஆடும் நகரக்கூடாது, புலி ஆட்டைத் தாண்டி அந்தப்பக்கம் காலி எடத்துல நின்னா அந்த ஆடு வெளிய. மூணு புலியும் நகர வழியில்லாம கட்டிட்டா ஆடு ஜெயிச்சது. காயா நிக்கறது சின்னப் பிள்ளைங்க, வெளிய நின்னு நகத்தறது ஒரு பக்கம் ஒரு தாத்தா, இன்னொரு பக்கம் ஒரு ஒம்பதாங்கிளாஸ் பொண்ணு. தமிழ் தெரியாத பிள்ளைகூட ஒரு ரவுண்ட் பாத்தா புரிஞ்சுக்கும். சுத்தி நிக்கற அத்தனை பேரும் தாத்தாவுக்கு யோசனை சொல்ல ஆரம்பிச்சுடுவாங்க, அதுதான் இதுல ருசியே.

கயிறு இழுத்தல் வச்சா சணல் கயிறு வாங்குங்க, நைலான் கைய அறுத்துடும், கையிலயோ இடுப்புலயோ கயிறைச் சுத்திக்க யாரையும் விடாதீங்க. ஜம்பிங் பலூன் ஆடி மாசத்துல வேண்டவே வேண்டாம்ங்க. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சும்மா சொல்லல, காத்தடைச்ச பொருளு, உள்ள குழந்தைங்களோட தூக்கிட்டுப் போயிடும். கேஸ் பலூன் சிலிண்டரும் உள்ள வரவிடாதீங்க, பல எடத்துல ஹைட்ரஜன்தான் அடைக்கறாங்க, பக்கத்துலயே நீங்க நெருப்பு வேற போடறீங்க.

சூரமங்கலம்_தம்பி:
அக்கா நான் காலேஜ் செகண்ட் இயர், நீங்க சொல்ற பைக் மேல உக்காந்திருக்கற ஆள்ல நானும் ஒருத்தன், அதனால ஓப்பனா சொல்றேன். எங்கள ஆடியன்ஸா கூப்பிட்டா வரமாட்டோம், ஸ்டேஜ்ல ஏறி ஆடுன்னா இன்னும் தூரமா போயிடுவோம். பத்தாயிரம் ரூபாயும் ஒரு வேலையும் குடுத்து இது உங்களுது, கணக்கு எழுதி குடுங்கடான்னு சொல்லிட்டு நடுவுல வந்து மாத்தாம இருந்தீங்கன்னா கண்டிப்பா வருவோம். சவுண்ட் சிஸ்டம், லைட்டு, போட்டோ எல்லாம் எங்ககிட்ட விடுங்க.

டிபனுக்கு தட்டுவடை செட் ஸ்டால் போடலாம், அடுப்பே வேண்டாம். தட்டுவடை மூட்டையா வாங்கிட்டு, பீட்ரூட், கேரட், வெங்காயம் துருவி, காரச் சட்னி, புதினா சட்னி ரெண்டையும் வீட்ல அரைச்சு எடுத்துட்டு வந்துட்டா போதும், நம்ம ஊர்ல அதை வேண்டாம்னு சொல்ல ஆளே கிடையாது. ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ பசங்க அதைப் பாத்துக்குவாங்க, கைக்கு கிளவுஸ் மட்டும் வாங்கி குடுங்க.

அப்புறம் குவிஸ். பாடப்புத்தகக் கேள்வி இல்லாம நம்ம ஊரைப் பத்தி மட்டும் கேக்கலாம். ஏற்காடு ரோட்ல எத்தனை கொண்டை ஊசி வளைவு (20), மேட்டூர் டேம் எந்த வருஷம் தெறந்தாங்க (1934), மாடர்ன் தியேட்டர்ஸ் யார் ஆரம்பிச்சது (டி.ஆர்.சுந்தரம்), ரியோ பாராலிம்பிக்ஸ்ல ஹை ஜம்ப்ல தங்கம் வாங்குன மாரியப்பன் எந்த ஊரு (பெரியவடகம்பட்டி), கிரிக்கெட் நடராஜன் எந்த ஊரு (சின்னப்பம்பட்டி). ஒரு டீம்ல ஒரு பெரியவர், ஒரு காலேஜ், ஒரு ஸ்கூல் பிள்ளைன்னு கலந்து போடுங்க. எங்களுக்கு பழசு தெரியாது, அவங்களுக்கு புதுசு தெரியாது, சேந்தாதான் ஜெயிக்க முடியும்.

ஏற்காடு_நர்ஸ்:
தம்பி சொன்னதுல ஒண்ணு சேத்துக்கங்க அக்கா, பெரிய பசங்கன்னு சொல்றப்ப நாம பையன்களை மட்டும் மனசுல வச்சுப் பேசிடறோம். பதிமூணு வயசானதும் பொண்ணுங்கள வீட்ல கெளம்பவே விடறதில்ல. எட்டரைக்குள்ள முடிஞ்சுடும்னு முன்கூட்டியே சொல்லுங்க, கிரவுண்ட் மூலை முடுக்கெல்லாம் லைட்டு போடுங்க, பக்கத்துல ரெண்டு வீட்டு பாத்ரூமை பொண்ணுங்களுக்குன்னு கேட்டு வச்சுடுங்க. பாத்ரூம் இல்லாததுனாலயே வராம போற பிள்ளைங்க ரொம்ப. அந்த பத்தாயிரத்துக்குக் கணக்கு எழுதறது ஒரு பொண்ணா இருக்கட்டும்.

நெருப்பு விஷயம். தனித்தனியா பத்து எடத்துல வேண்டாம், செங்கல் வச்சு நீளமா ரெண்டு வரிசை போதும், காத்துல புகை எந்தப் பக்கம் போகுதோ அதுக்கு எதிர்ப்பக்கம் பிள்ளைங்க நிக்கட்டும், கயிறு கட்டி கோடு போட்டுடுங்க. பட்டுப்பாவாடை, நைலான் டிரெஸ் போட்ட குழந்தையை நெருப்புகிட்ட விடவே கூடாது, காட்டன் போட்டு அனுப்பச் சொல்லுங்க. சுட்ட தேங்காய உடனே பிள்ளைங்க கையில குடுக்காதீங்க, உள்ள வெல்லப்பாகு கொதிச்சுட்டு இருக்கும். மீறி யாருக்காவது சுட்டுட்டா பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதுவும் தடவக்கூடாது. சாதா தண்ணிய இருபது நிமிஷம் ஊத்திட்டே இருக்கணும், கொப்புளத்தை உடைக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். தண்ணி ட்ரம்மு, மக், மணல் வாளி இல்லாம தீ பத்த வைக்காதீங்க.

சின்னக் குழந்தை கையில அம்மா போன் நம்பரை பேனால எழுதி விடுங்க.

அழகாபுரம்_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, நேத்து ராத்திரி கமிட்டி க்ரூப்ல அப்படியே போட்டேன். ஜம்பிங் பலூன் கேன்சல். நாலரைக்கு தேங்கா தேய்க்கறது, அப்புறம் ஆடுபுலி, ஆறரைக்கு நெருப்பு, குவிஸ் ஓடறப்பவே தட்டுவடை செட். பத்தாயிரம் குடுக்க செயலாளர் சார் தயங்கினார், ஏழாயிரத்துக்கு ஒத்துக்கிட்டார். பத்தாவது படிக்கற ஒரு பொண்ணு கணக்கு நான் எழுதறேன்னு அவளே சொல்லிட்டா, ரொம்ப சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம் பெரியம்மா, எண்பது வீட்டுத் தேங்காயும் ஒண்ணா கலந்துட்டா எது யாருதுன்னு எப்படி கண்டுபிடிக்கறது? ஓட்டுல பேர் எழுதினா கருகிடுமே?

குகை_பெரியம்மா:
ஓட்டுல எழுதாத, குச்சியோட வெளிக்கோடில அடையாளம் பண்ணு. வீட்டுக்கு ஒரு விதமா கலர் மாத்தி மாத்திக் கம்பி சுத்திடு, துணி கட்டினா எரிஞ்சுடும். பிடிச்சுக்கற எடம் நெருப்புக்கு வெளியதான இருக்கும், ஒண்ணும் ஆகாது. அந்தக் கம்பி சுத்தற வேலையையும் பசங்ககிட்டயே குடுத்துடு.