புதுப்பிப்பு: அம்மாவோடு கந்தமாதன பர்வதம் போய் வந்தாயிற்று

மூட்டுவலி உள்ள அம்மாவை ராமேஸ்வரம் கந்தமாதன பர்வதத்துக்குக் கூட்டிப் போகலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். "தாராளமா போங்க, அது மலையே இல்ல, மேடு" என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். தீவிலேயே உயரமான இடம் என்றாலும் அடிப்படையில் ஒரு மணல்மேடு. கோவிலிலிருந்து வடக்கே சுமார் 3 கிலோமீட்டர். ஆட்டோ படிக்கட்டு வரைக்கும் போகிறது.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறிவிட்டார். சக்கரத்தின் மேல் பதிந்த ராமர் பாதத்தைக் கும்பிட்டதும் மேல் தளத்துக்கும் போகணும் என்று பிடிவாதம்! மேலே காற்று என்றால் அப்படி ஒரு காற்று. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். கீழே உடைமரமும் பனையுமாகப் பச்சை, அதைத் தாண்டிக் கடல். ராமேஸ்வரம் டிவி கோபுரமும் தெரிந்தது. 323 மீட்டர் உயரமாம், ஆனால் அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அனுமார் இங்கிருந்துதான் தாவினாராடா?" என்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மேட்டைப் பற்றி அப்படியும் ஒரு கதை உண்டு.

காலை ஏழு மணிக்கே போனதால் வெயில் இல்லை. இறங்கும்போதுதான் முட்டி கொஞ்சம் படுத்தியது, கைத்தடி கொண்டுபோயிருக்கலாம். வழியில் சாட்சி அனுமார் கோவிலையும் பார்த்துவிட்டோம். தனுஷ்கோடி அடுத்த முறை.