புதுப்பிப்பு: வகுப்பில் நன்னடத்தைக்குப் பரிசு

கைதூக்கிப் பேசினால் ஒரு தைலமரக் காய், 10 காய் சேர்ந்தால் பென்சில் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அந்தக் காய் சாலையோரமெல்லாம் கிடக்கும். பையில் அள்ளி வந்தால் கணக்கே கவிழ்ந்துவிடும். காய்க்குப் பதில் ஒரே நிறச் சட்டைப் பொத்தான்களைக் கொடுக்கலாம், அவற்றின் இருப்பை ஆசிரியர் மட்டும் வைத்திருக்கட்டும். வெள்ளிதோறும் நோட்டில் ஏற்றித் திரும்ப வாங்கினால் 30 பேருக்கு 200 போதும். சுவரில் நட்சத்திரம் ஒட்டுவது ஆடிச் சாரலுக்குத் தாங்காது, பசை விட்டுவிடும்.

10 என்பதும் தொடக்கத்துக்கு அதிகம். முதல் வாரம் 3 பொத்தானுக்கே மணி அடிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போல ஏதாவது கிடைக்கட்டும். பிறகு 5, 8 என ஏற்றலாம். இல்லாவிட்டால் யாருக்காக இதைத் தொடங்கினோமோ அந்தப் பிள்ளைதான் முதலில் கைவிடும். கொடுக்கும்போதே காரணத்தைச் சொல்லுங்கள்: "அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாய்." கொடுத்ததை எக்காரணத்துக்கும் பிடுங்காதீர்கள்.

நேரத்துக்கு வருவதற்குப் பொத்தான் வேண்டவே வேண்டாம். தேயிலை எஸ்டேட் தொழிலாளர் வசிக்கும் லைன் வீட்டுப் பிள்ளையின் நேரம் பேருந்தின் கையில் இருக்கிறது.

விரும்பிச் செய்வதற்கும் வேண்டாம். உளவியலாளர்கள் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், வரைந்தால் பரிசு உண்டென்று முன்பே சொல்லப்பட்ட மழலையர் பின்னர் தாமாக வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பெற்றவர்களிடம் குறையவில்லை. எனவே பழக்கம் ஊன்றியதும் மூன்று நான்கு முறைக்கு ஒரு பொத்தான் எனக் குறையுங்கள். பாராட்டை மட்டும் குறைக்காதீர்கள்.