ஸ்வீடனில் நாயை வைத்துக் கடமான் வேட்டை: ஒரு சந்தேகம்

நாகலூர் தோட்டக்காரர் (கேள்வி):
வணக்கம். ஸ்வீடனின் வடபகுதியில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், செப்டம்பரில் நண்பர்களுடன் நாயை அழைத்துக்கொண்டு கடமான் வேட்டைக்குப் போனதாக எழுதியிருந்தான். அதைப் படித்துக் காட்டியபோது என் அப்பா, நம் காட்டுக் கடமான் பனி பெய்யும் நாட்டுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஒரே ஒரு நாய் அந்தப் பெரிய விலங்கைக் கடிக்காமலேயே வெகுநேரம் ஓரிடத்தில் நிறுத்தி வைத்தது என்றும் எழுதியிருக்கிறான். காட்டுமாட்டின் வாடை பட்டாலே எங்கள் தோட்டத்து நாய்கள் திண்ணைக்கடியில் பதுங்கிக்கொள்வதால், இதை நம்புவது கடினமாக இருக்கிறது. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

அஸ்தம்பட்டி வாசகர்:
உங்கள் அப்பாவின் சந்தேகம் நியாயமானதே. குழப்பம் பெயரில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் ‘எல்க்’ என்றால் மூஸ். அமெரிக்காவில் அதே சொல் வாபிட்டி என்னும் வேறொரு மானைக் குறிக்கும். வெள்ளைக்காரத் துரைமார்களோ தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நம் கடமானையே எல்க் என்று அழைத்தார்கள். ஆகவே அகராதியைப் பார்த்து எழுதிய உங்கள் தம்பி மீது பிழையில்லை. மூஸும் மான் குடும்பமே என்றாலும், வளர்ந்த ஆண் 400 கிலோவைத் தாண்டும். பல ஆண் மூஸ்களுக்குக் கொம்பு அகன்ற முறம்போல் விரிந்திருக்கும்.

முன்பு ஸ்வீடனில் இருந்தவர்:
நான் அங்கே சில ஆண்டுகள் பணிபுரிந்தபோது இரண்டு முறை வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறேன், துப்பாக்கியைத் தொட்டதில்லை. வடபகுதியில் செப்டம்பர் முதல் திங்கட்கிழமையும் தென்பகுதியில் அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமையும் வேட்டை தொடங்கும். யாம்ட்ஹுண்ட் என்னும் சாம்பல்நிற நாயை அவிழ்த்துவிட்டால், அது மோப்பம் பிடித்து மூஸைத் தேடிப் போய், எட்டாத தூரத்தில் நின்று விடாமல் குரைக்கும். மூஸ் ஓநாயைக் கண்டால்கூட பல சமயம் ஓடாமல் நின்று முன்னங்காலால் உதைக்கும் விலங்கு. அந்தக் குணத்தைத்தான் நாய் பயன்படுத்திக்கொள்கிறது. நாய் மிகவும் நெருங்கினால் மூஸ் மிரண்டு ஓடிவிடும், மிகவும் விலகினால் அலட்சியமாக நடந்து போய்விடும். இந்த இடைவெளியை அறிந்த நாய்க்குத்தான் அங்கே மதிப்பு. குரைப்பு ஒரே இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தால் விலங்கு நின்றுவிட்டது என்று பொருள். வேட்டைக்காரர் காற்றுக்கு எதிராக மெல்ல நெருங்குவார். நாயின் கழுத்துப்பட்டையில் ஜி.பி.எஸ். கருவியும் இருக்கும்.

ரோ மான் என்னும் சிறிய மானுக்கு முறை வேறு. அதற்கு ட்ரேவர் போன்ற குட்டைக்கால் நாய்களை விடுகிறார்கள். நாய் மெதுவாகத் தொடர்வதால் மான் தலைதெறிக்க ஓடாமல் நின்று நின்று நகரும், தடத்தில் காத்திருப்பவருக்குக் குறிபார்க்க அவகாசம் கிடைக்கும். எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு: மூஸோ மானோ காயம்பட்டுத் தப்பினால், தடம் தேடப் பழகிய நாய் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே வந்தாக வேண்டும்.

ஓமலூர் நாய் வளர்ப்பவர்:
அடுத்து யாராவது, நம் சிப்பிப்பாறையும் கன்னியும் இதைச் செய்யாவா என்று கேட்பார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவை கண்ணால் கண்டு, வாய் திறக்காமல் ஓடி, முயலைப் பிடிக்கும் வகை. நின்று குரைப்பது அவற்றின் இரத்தத்தில் இல்லை, மூஸை நெருங்கினால் ஓர் உதையில் கதை முடிந்துவிடும். யாம்ட்ஹுண்டோ கூர்ங்காதும் சுருண்ட வாலும் அடர்ந்த மயிரும் கொண்ட ஸ்பிட்ஸ் இனம். நார்வேயின் சாம்பல்நிற எல்க்ஹவுண்டோடு ஒன்றாகவே எண்ணப்பட்டு, 1946இல்தான் தனி இனமாக ஏற்கப்பட்டது. அழகைப் பார்த்து அதைச் சேலத்துச் சித்திரை வெயிலுக்குக் கொண்டுவரும் ஆசை யாருக்கும் வரவேண்டாம்.

வெள்ளக்கடை மூத்தவர்:
நம் கடமானுக்கும் இந்தக் குணம் உண்டு, தம்பி. செந்நாய்க் கூட்டம் துரத்தினால் அது நீரில் இறங்கி எதிர்த்து நிற்கும். புள்ளிமான் அப்படி நிற்காது, ஓடும். ஆனால் இதைப் படித்துவிட்டு எவரும் தோட்டத்து நாயை மான்மேல் ஏவிவிட வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் கொல்வது மட்டுமல்ல, துரத்துவதும் அதற்கு முயல்வதும் வேட்டை என்றே கணக்கு. என் நாய் ஒருமுறை மானைத் துரத்தி ஓடியதிலிருந்து, அதைக் கட்டாமல் நான் காப்பிக்காட்டுக்குள் இறங்குவதில்லை.

நாகலூர் தோட்டக்காரர்:
அனைவருக்கும் நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். செந்நாய் பற்றிய செய்தியை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்.