நாக்கில் புண் வந்த பூனைக்கு உணவூட்டுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 9 ஆண்டுகளாக வளரும் பூனைக்குக் கலிசி வைரஸ் தொற்றால் நாக்கின் விளிம்பில் இரண்டு புண்கள் வந்துள்ளன. கால்நடை மருத்துவர் தந்த மருந்தைத் தவறாமல் கொடுத்து வருகிறோம்; நான் கேட்பது அன்றாடப் பராமரிப்பைப் பற்றி.

பூனைக்கு நாக்குதான் சீப்பு என்பதை இந்த ஒரு வாரத்தில் முழுமையாக உணர்ந்தேன். நம் நகத்தில் உள்ள அதே கெரட்டினால் ஆன, தொண்டையை நோக்கி வளைந்த முட்கள் அதில் உள்ளன. அவற்றின் நுனி அகப்பை போலக் குழிந்திருப்பதையும், அக்குழி எச்சிலை ஏந்திச் சென்று தோலை ஒட்டிய அடிமுடி வரை சேர்ப்பதையும் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹூவும் 2018-இல் விளக்கினார்கள். அந்த வேலை நின்றுபோனதால், காதுக்குப் பின்னும் அடிவயிற்றிலும் முடி திரிதிரியாகச் சிக்குப் பிடித்திருக்கிறது.

தண்ணீர்தான் பெருங்கவலை. நாக்கின் நுனியால் நீர்ப்பரப்பைத் தொட்டு, விநாடிக்கு ஏறத்தாழ 4 முறை மேலிழுத்து, எழும் நீரைக் கவ்விக் குடிக்க வேண்டிய பூனை, இப்போது ஒருமுறை நக்கியதும் தலையை உதறிக்கொண்டு கிண்ணத்தை விட்டு விலகிவிடுகிறது. இனிப்புச் சுவையைப் பூனை அறியாது என்பதால், சர்க்கரை கலக்கச் சொன்ன நண்பரின் யோசனையும் உதவாது.

உப்பிடாமல் மீன் வேகவைத்த நீரை ஊசியில்லாத சிரிஞ்சில், புரையேறாமல் எப்படிப் புகட்டுவது? வலிக்காமல் சிக்கெடுக்க எத்தகைய சீப்பு ஏற்றது? இதே நிலையைக் கடந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். மருத்துவரிடம் கேட்ட பின்னரே செய்வேன்.