சித்தப்பா ஒளிச்சு வச்ச கை

குழு: கும்பகோணம் வீடு 🏠

ஞாயிறு

சித்தப்பா: (படம்) நேத்து ராத்திரி போட்டது, அண்ணன் பேப்பர் படிக்கறார். பாத்துட்டு சொல்லுங்க, சும்மா சூப்பர்னு போடாதீங்க

அத்தை: சூப்பர் அண்ணா 👌👌

சித்தப்பா: இதத்தானே வேணாம்னேன்

வித்யா: மூக்கு அப்படியே பெரியப்பா 😂 போன வருஷம் போட்டப்ப யாருன்னே தெரியாம கீழ பேர் எழுதியிருந்தீங்களே, அதுக்கு இது எவ்ளோ தேவல

பெரியப்பா: என் மூக்கு இவ்ளோ பெருசாடா?

சித்தப்பா: கேரிகேச்சர்னா அப்படித்தான் அண்ணே. உங்க மூஞ்சில எது மத்தவங்களுக்கு இல்லாத மாதிரி இருக்கோ அத மட்டும் கொஞ்சம் இழுத்துவிடணும், நான் ஆரம்பத்துல காது கண்ணு தாடை எல்லாத்தையும் சேத்து பெருசு பண்ணி யார் மாதிரியும் வராம முழிச்சிட்டு இருந்தேன், ஒண்ண இழுத்தா மத்தத அடக்கி வாசிக்கணும்னு புரியவே ஆறு மாசம் ஆச்சு

கண்ணன்: சித்தப்பா ஒரு டவுட்டு. பேப்பர் இருக்கு, பெரியப்பா இருக்கார். கை எங்க? பேப்பர் அந்தரத்துல நிக்குது

கண்ணன்: இருங்க, பழைய படமெல்லாம் மேல போய் பாத்துட்டு வந்தேன். பாட்டிக்கு கை முந்தானைக்குள்ள, அப்பாவுக்கு பாக்கெட்ல, மாப்ள முதுகுக்குப் பின்னாடி கட்டிட்டு நிக்கறார், பிள்ளையாருக்கு நாலு கையையும் மாலை போட்டே மூடிட்டீங்க

சித்தி: அப்பாடா, யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தேன் 😂😂

சித்தப்பா: மாட்டிக்கிட்டேன். கை வரலப்பா. மூஞ்சி கோணினா கார்ட்டூன்னு சொல்லி தப்பிச்சுடலாம், கை கோணினா வாழைப்பழ சீப்பு மாதிரி தொங்குது

வித்யா: கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மணையே மும்பை ஜே.ஜே. ஸ்கூல் ஆஃப் ஆர்ட்ல சேத்துக்கலியே, அவர் விட்டுட்டாரா? காக்காவா வரைஞ்சு தள்ளினவர் அவர்

சித்தப்பா: காக்காவுக்கு கை கிடையாதே ம்மா

அத்தை: மிக்கி மவுஸுக்கு நாலு விரல்தான் அண்ணா, ஒரு விரல் மிச்சம் உனக்கு

பெரியப்பா: ஓவியர் கோபுலு நம்மூர் ஓவியப் பள்ளில படிச்சவர். பக்கவாதம் வந்து வலது கை முடங்கினப்ப இடது கையால வரைஞ்சு பழகினார். நீ ரெண்டு கையும் நல்லா வச்சுக்கிட்டு முந்தானைக்குள்ள ஒளிக்கற

சித்தப்பா: 🙏 சரி அண்ணே. நாளைலேர்ந்து கை மட்டும்தான்

புதன்

சித்தி: ரெண்டு நாளா இவர் கிச்சன்ல ஸ்டூல் போட்டு உக்காந்துட்டு என் கையவே பாக்கறார். கையில எண்ணெய் தடவிட்டு வாழைப்பூ ஆயறேன், ஒவ்வொரு பூவுக்கும் "அப்படியே இரு, அசையாதே"ன்னா மத்தியானத்துக்கு கூட்டு எப்ப ஆகும் சொல்லுங்க

சித்தப்பா: தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன். விரல் விரலா போட்டு கடைசில உள்ளங்கைய ஒட்ட வச்சிட்டு இருந்திருக்கேன், இப்ப முதல்ல உள்ளங்கைய தீப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியா போட்டுட்டு நாலு விரலையும் சேத்து ஒரே கட்டியா போட்டு அப்புறம்தான் பிரிக்கறேன், கட்ட விரல் மட்டும் பெட்டியோட பக்கவாட்டுலேர்ந்து தனியா கிளம்புது. அளவும் கிடைச்சிடுச்சு, உள்ளங்கை அடிய தாடைல வச்சு விரல மேல நீட்டி பாருங்க, விரல் நுனி கிட்டத்தட்ட முடி ஆரம்பிக்கற இடம் வரைக்கும் வரும். நான் இத்தனை நாள் அதுல பாதிதான் போட்டுட்டு இருந்தேன்

வித்யா: இப்ப நாங்க எல்லாரும் மூஞ்சில கை வச்சிட்டு உக்காந்திருக்கோம்

சித்தப்பா: (படம்) இந்தாங்க. சித்தி கை, வாழைப்பூ நரம்பு எடுக்கறது. நிழலுக்கு காபி டிகாஷன தொட்டு வச்சேன், பேனா மை தண்ணில கரையற மைன்னு மறந்துட்டேன், விரல் நுனியெல்லாம் ஒரே கறுப்பா ஓடிடுச்சு. மறுபடி போடணும்

அத்தை: அய்யோ போடாதே! வாழைப்பூ கறை அப்படியே அதே மாதிரி இருக்கு, அம்மா கை ஞாபகம் வந்துடுச்சு எனக்கு

கண்ணன்: சித்தப்பா, இடது கைல ஆறு விரல்

சித்தி: அது விரல் இல்லடா, கள்ளன், பூவுக்குள்ள இருக்கற நரம்பு! அதத்தானே பிடிச்சு இழுத்துட்டு இருக்கேன்

சித்தப்பா: அப்படியே வச்சுக்கங்க 😌

பெரியப்பா: அந்த பேப்பர் படத்த திருத்தி அனுப்பு. கையோட