ஓபன் ஜி சுருதியில் ஸ்லைடு ஃப்ரெட்டில் இடிக்கிறது, பேஸ் குழம்புகிறது: மின் கிட்டாரில் கன்ட்ரி புளூஸ் வாசிக்க உதவி தேவை

கேள்வி

வணக்கம். எட்டு ஆண்டுகளாக அக்கூஸ்டிக் கிட்டாரில் மிசிசிப்பி வட்டாரத்துக் கன்ட்ரி புளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் நாட்டுப்புறப் புளூஸ் இசை) வாசித்து வருகிறேன். மூன்று மாதங்களுக்கு முன் டெலிகாஸ்டர் வடிவிலான மின் கிட்டார் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். புளூஸ் கலைஞர் ஃப்ரெட் மெக்டொவல் 1959-இல் மிசிசிப்பியின் கோமோ ஊரில், நாட்டுப்புற இசை சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸின் பதிவுக்காக அக்கூஸ்டிக்கில் வாசித்ததையும், 1969-இல் ஜாக்சன் நகரில் மின் கிட்டாரில் பதிவு செய்ததையும் ஒரே இரவில் அடுத்தடுத்துக் கேட்டேன். கருவி மாறியிருக்கிறது, கை மாறவே இல்லை. அதே கையை மின் கிட்டாருக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே என் ஆசை.

ஆனால் இரண்டு தொல்லைகள் தீரவில்லை. ஓபன் ஜி சுருதியில், அதாவது வெறுங்கம்பிகளே ஜி கார்டாக ஒலிக்கும்படி ஆறாம் கம்பியிலிருந்து டி, ஜி, டி, ஜி, பி, டி என்று வைத்து, சுண்டு விரலில் கண்ணாடி ஸ்லைடு (கம்பிகள்மேல் வழுக்கிச் செல்லும் குழாய்) மாட்டி வாசிக்கிறேன். முதல் கம்பியில் ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) போய் நின்றாலே ஸ்லைடு கீழே ‘டக்’ என்று இடிக்கிறது. இரண்டாவதாக, கட்டைவிரலால் தடித்த கம்பிகளில் வாசிக்கும் பேஸ் (தாழ்ந்த) ஒலி அடங்காமல் ஒன்றோடொன்று கலந்து, நான்கு அடி பாடுவதற்குள் முழு வாசிப்பும் குழம்பிவிடுகிறது. பழுது பார்க்கும் கடையில் பிக்அப்பை (கம்பியின் அதிர்வை மின் குறிகையாக மாற்றும் காந்தப் பகுதி) மாற்றச் சொன்னார்கள். அதற்கு ஆகும் செலவு கிட்டார் வாங்கிய விலையில் பாதி. மாற்றத்தான் வேண்டுமா?

மறுமொழி 1

ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) கெயின், அதாவது உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவு, எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? கெயினைக் குறைத்து, பேஸ் குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ரிவெர்ப் (எதிரொலி விளைவு) இருந்தால் அணைத்துவிடுங்கள்.

மறுமொழி 2

பிக்அப்புக்குப் பணம் செலவழிக்கும் முன், தயவுசெய்து ஆம்ப்பை அணைத்துவிட்டு, அமைதியான அறையில் கிட்டாரை மட்டும் வாசித்துக் கேளுங்கள். அப்போதும் ‘டக்’ என்ற இடி காதில் விழுந்தால், அது கம்பியிலும் கழுத்திலும் உள்ள சிக்கல். பிக்அப் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். என்ன தடிமன் கம்பி, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேல் முதல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையும் அளந்து சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

செய்து பார்த்தேன். ஆம்ப் இல்லாமலும் இடி தெளிவாகக் கேட்கிறது. கம்பி 9-42 தொகுதி (முதல், ஆறாம் கம்பிகளின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்), உயரம் 1.5 மில்லிமீட்டர். மறுமொழி 1 சொன்னபடி கெயினையும் பேஸையும் குறைத்ததில் குழப்பம் சற்றுத் தணிந்தது, ஆனால் தீரவில்லை.

மறுமொழி 2

அப்படியானால் காரணம் தெரிந்துவிட்டது. ஓபன் ஜி வைக்கும்போது முதல், ஐந்தாம், ஆறாம் கம்பிகளை ஒவ்வொரு முழுச் சுரம் இறக்குகிறோம். ஒரு முழுச் சுரம் இறங்கினால் கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்துவிடும். ஸ்லைடு அதிகமாகப் பாடுவது முதல் கம்பியில். கட்டைவிரல் உழைப்பது ஐந்திலும் ஆறிலும். வலு எங்கே தேவையோ அங்கேதான் உங்கள் கிட்டார் தளர்ந்து கிடக்கிறது. 9 தடிமன் முதலிலேயே மெல்லியது. அது தளர்ந்தபின் கண்ணாடியின் எடையைத் தாங்காது.

12-52 தொகுதி போடுங்கள். டி-க்கு இறக்கிய பிறகும் 12 தடிமன் முதல் கம்பியின் இழுவிசை, ஈ-யில் நிற்கும் 9 கம்பியைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகமாக இருக்கும். பிரிட்ஜில் (உடற்பகுதியில் கம்பிகளைத் தாங்கும் பாலம்) உயரத்தை 2.5 மில்லிமீட்டர் வரை கூட்டுங்கள். தடித்த கம்பி கழுத்தைச் சற்று முன்வளைக்கும். ஆகவே ஒரு நாள் விட்டு, வளைவைப் பார்த்த பிறகே டிரஸ் ராடை (கழுத்தின் உள்ளே அதன் வளைவைச் சரிசெய்யும் கம்பி) கால் சுற்றுக்கு மிகாமல் தொடவும்.

குழப்பத்துக்குக் கம்பி மட்டும் காரணமன்று. அக்கூஸ்டிக்கில் கட்டைவிரல் எழுப்பிய ஒலி தானாகத் தேய்ந்துவிடும். ஆம்ப்பில் அது நீண்டு நிற்கும். எனவே வலது உள்ளங்கையின் சுண்டு விரல் பக்க ஓரத்தைப் பிரிட்ஜின் மேல் வைத்து, பேஸ் கம்பிகளை மட்டும் லேசாக அமர்த்த வேண்டும். கை ஒரு விரற்கடை முன்னால் போனால் சுரம் செத்துவிடும். பின்னால் வந்தால் பழைய வெள்ளம். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, ஸ்லைடைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு வாரம் கட்டைவிரல் மட்டும் வாசியுங்கள். இடது கையில் ஸ்லைடுக்குப் பின்னால் ஆள்காட்டி விரல் கம்பிகள்மேல் எப்போதும் படிந்திருக்கட்டும். ஸ்லைடு ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்கட்டும், அதற்கு முன்னால் அன்று.

புளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸை இதற்காகவே திரும்பத் திரும்பக் கேளுங்கள் என்பேன். 1941-இல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலுக்கு அருகே ஸ்டோவல் பண்ணையில் லோமாக்ஸ் பதிவு செய்தபோது அவர் கையில் இருந்தது அக்கூஸ்டிக். 1943-இல் சிகாகோ சென்றார். அங்கே மதுக்கூடங்களின் இரைச்சலில் அது எடுபடாமல் மின் கிட்டாருக்கு மாறினார். 1948-இல் அரிஸ்டோகிராட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தவற்றுள் சிலவற்றில், பிக் கிராஃபோர்டின் டபுள் பேஸ் ஒன்றே துணையாக நிற்க, வாசிப்பது அதே டெல்டா (மிசிசிப்பி வட்டார) ஸ்லைடுதான். ஒலி பெரிதானபோது அவர் சுரங்களைக் கூட்டவில்லை, இடைவெளியை விட்டார். அதைக் கேட்ட பிறகுதான் என் கட்டைவிரலும் அடங்கியது.

மறுமொழி 3

கம்பி மாற்றும்வரை இடைக்கால வழி ஒன்று உண்டு. இறக்குவதற்குப் பதில் ஏற்றுங்கள்: வழக்கமான சுருதியிலிருந்து நான்காம், மூன்றாம், இரண்டாம் கம்பிகளை ஒரு முழுச் சுரம் ஏற்றினால் ஓபன் ஏ கிடைக்கும், விரல்கள் போகும் இடங்கள் ஓபன் ஜி-யில் உள்ளவையே. மெல்லிய கம்பிக்கு இது பொருந்தும். 12 தொகுதி போட்ட பிறகு இப்படி ஏற்ற வேண்டாம்.

இன்னொன்று: கழுத்துப் பக்கப் பிக்அப் பேஸ் கம்பிகளுக்கு மிக நெருங்கி இருந்தால், காந்தம் கம்பியை இழுத்து, ஒலி அலைபாயும். அந்தப் பக்கத் திருகைச் சிறிது இறக்கிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 12-52 போட்டு, உயரம் 2.4 மில்லிமீட்டர் வைத்தேன். ஐந்தாம் ஃப்ரெட்டில் இடி இல்லை. முதல் வாரம் ஸ்லைடைத் தொடவே இல்லை. பத்தாம் நாள் உள்ளங்கை தானாகச் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது. பேஸ் ‘தொம் தொம்’ என்று தனித்தனியாக விழ, அதன் மேலே ஸ்லைடு பாடியதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிக்அப்பை மாற்றவில்லை. எல்லோருக்கும் நன்றி. ஒரு சிறு குறை மட்டும் உள்ளது: ஆறாம் கம்பியைச் சுருதி சேர்க்கும்போது நட் (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் பதியும் பள்ளங்கள் கொண்ட பட்டை) அருகே ‘டிக்’ என்று கேட்டு, சுரம் ஒரேயடியாகத் தாவுகிறது.

மறுமொழி 2

மிக்க மகிழ்ச்சி. பழைய ஆறாம் கம்பியைவிடப் புதியது கால் மில்லிமீட்டர் தடித்தது. நட்டின் பள்ளம் அதைப் பிடித்துக்கொள்கிறது. பள்ளத்தை அகலம் மட்டும் ஆக்குங்கள், ஆழமாக்க வேண்டாம். ஆழமானால் வெறுங்கம்பி முதல் ஃப்ரெட்டில் அதிரும். அராவி முடித்தபின் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்துவிட்டுக் கம்பியை ஏற்றுங்கள்.